எழுத்தை வரைவது யார்?

(லினக்ஸ் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)

கடைசி வரிசை வரை வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே!

கடைசி வரிசையைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குப் பின்னால் உள்ள திரையில் ஒரு லினக்ஸ் கன்சோல் திறந்திருக்கிறது. கறுப்புப் பரப்பில் சாம்பல் நிறத்தில் நாலைந்து வரிகள் தெரிகின்றன. முன்னால் இருப்பவர்கள் கண்ணைச் சுருக்கியாவது படித்துவிடுவார்கள். பின்னால் இருப்பவர்களுக்கு அங்கே எழுத்து இருக்கிறது என்பது தெரியும். என்ன எழுத்து என்பது தெரியாது. இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பே அதுதான்: லினக்ஸ் கட்டளை வரியில் எழுத்தின் அளவையும் எழுத்துருவையும் மாற்றுவது எப்படி?

இதற்கு ஒரு சொற்பொழிவு தேவையா, ஒரு கட்டளையைச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று சிலர் நினைக்கலாம். சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தக் கட்டளை உங்களில் பாதிப் பேருக்கு வேலை செய்யாது. வேலை செய்தவர்களிலும் சிலருக்கு, இயந்திரத்தை அணைத்துப் போட்டால் பழையபடி எறும்பெழுத்து வந்து நிற்கும். காரணம் தெரியாமல் கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்தால் இதுதான் கதி.

ஆகவே முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவோம். நான் பார்த்துக்கொண்டிருக்கும் இந்த எழுத்தை வரைவது யார்? கறுப்புத் திரையும் துடிக்கும் கர்சரும் எங்கே பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் வரைகிற கை ஒன்றல்ல. கம்ப்யூட்டரை இயக்கியதும் எந்த இயங்குதளம் என்று கேட்கிறதே, அந்தப் பட்டியலின் எழுத்தை வரைவது க்ரப். அதன்பின் ஓடுகிற பூட் செய்திகளையும் லாக்-இன் கேட்கும் வரியையும் வரைவது லினக்ஸ் கர்னல். டெஸ்க்டாப்புக்குள் போய் டெர்மினல் என்ற சன்னலைத் திறந்தால், அங்கே வரைவது அந்தச் சன்னலுக்குரிய நிரல். எஸ்எஸ்ஹெச் வழியாக வெளியூர் சர்வருக்குள் போனால், எழுத்தை வரைவது அந்த சர்வர் அல்ல, உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான். இந்த நால்வரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதில்லை. க்ரப்பிடம் சொன்னது கர்னலுக்குத் தெரியாது. கர்னலிடம் சொன்னது டெர்மினல் சன்னலுக்குத் தெரியாது.

இவர்களில் கர்னலைத்தான் நான் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறேன். மற்றவர்களிடம் வேலை எளிது.

டெஸ்க்டாப்பில் இருக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். படங்களெல்லாம் மறைந்து வெறும் லாக்-இன் வரி வரும். அதுதான் கன்சோல். அங்கே எழுத்து எப்படி வரையப்படுகிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம்.

வழக்கமான கன்சோல் எழுத்து, அகலத்தில் 8 புள்ளி, உயரத்தில் 16 புள்ளி கொண்ட ஒரு கட்டம். ஒரு வரிசைக்கு எட்டுப் புள்ளி என்றால் எட்டு பிட், அதாவது ஒரு பைட். பதினாறு வரிசைக்குப் பதினாறு பைட். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ-யை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வரிசை காலி. மூன்றாவதில் நடுவே ஒரே ஒரு புள்ளி. நான்காவதில் மூன்று. ஐந்தாவதில் இரண்டு, நடுவில் ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு. ஆறிலும் ஏழிலும் கால்கள் இன்னும் விலகி நிற்கும். எட்டாவதில் ஏழு புள்ளிகளும் சேர்ந்து குறுக்குச் சட்டம். அதற்குக் கீழே நான்கு வரிசைக்கு இரண்டு கால்கள். கடைசி நான்கு வரிசை காலி. நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இப்படி 256 எழுத்து. ஆளுக்குப் பதினாறு பைட். மொத்தம் 4096 பைட். ஒரு எழுத்துரு முழுவதும் அவ்வளவுதான். இன்றைக்கு நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் படம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

இந்த ஏற்பாடு ஐபிஎம் 1987ல் கொண்டுவந்த விஜிஏ காலத்தது. அன்றைக்குத் திரைக்கு 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். அந்த 80 என்ற எண் அதற்கும் பழையது. 1928ல் ஐபிஎம் வெளியிட்ட துளை அட்டையில் 80 பத்திகள் இருந்தன. அட்டை போய்விட்டது, எண் மட்டும் குடியிருந்துகொண்டிருக்கிறது.

பழைய 14 அங்குல டப்பா மானிட்டரில் 25 வரி என்றால் ஒரு வரிக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயரம் கிடைத்தது. தாத்தா கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். பிறகு என்ன ஆயிற்று? 2009 வாக்கில், திரையின் பிக்சல் அமைப்பைக் கர்னலே நேரடியாகக் கையாளும் முறை வந்தது. கன்சோலும் திரையின் முழு பிக்சல் அளவில் ஓட ஆரம்பித்தது. படம் துல்லியமானது, துடிப்பு நின்றது, எல்லாம் நல்லதுதான். ஆனால் எழுத்து அதே 8-க்கு 16 புள்ளியாகவே நின்றது. புள்ளி சிறுத்தால் எழுத்தும் சிறுக்கும் அல்லவா? 1920-க்கு 1080 பிக்சல் உள்ள 14 அங்குல மடிக்கணினியில் அதே எழுத்துக் கட்டத்தின் உயரம் சுமார் 2.6 மில்லிமீட்டர். அதே அளவுத் திரை 4கே ஆக இருந்தால் 1.3 மில்லிமீட்டர். ஒரு வரியில் 480 எழுத்து, மொத்தம் 135 வரி. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து எட்டிப் பார்க்கும் ஒரு சர்வர் நிர்வாகி நடு ராத்திரியில் இதைப் படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இது பயனரின் கண்ணில் உள்ள குறை அல்ல. தொழில்நுட்பம் ஒரு பக்கம் ஓடியபோது இன்னொரு பக்கம் இழுத்துப் போட மறந்த வேலை.

சரி, மாற்றுவோம். நான் கட்டளைப் பெயர்களைத் தமிழில் உச்சரிக்கிறேன். நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்; கோப்புப் பெயர்களையும் அமைப்பு வரிகளையும் அங்கே உள்ளபடியே தட்டுங்கள். கட்டளையின் பெயர் செட்ஃபான்ட். அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபன் டி என்று கொடுத்தால் இப்போதிருக்கும் எழுத்தே இரட்டிப்பாகும். இதோ செய்கிறேன். பின்வரிசை நண்பர்களே, இப்போது தெரிகிறதா? நல்லது. ஆனால் உற்றுப் பாருங்கள், வளைவுகளெல்லாம் படிக்கட்டாக இருக்கின்றன. ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கு புள்ளி வைத்து ஊதிப் பெரிதாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவசரத்துக்கு உதவும்; நாள் முழுக்கப் பார்க்க ஏற்றதல்ல.

பெரிய அளவுக்கென்றே உட்கார்ந்து வரைந்த எழுத்துரு வேண்டும். அந்த வகையில் பல்கேரியரான டிமிடர் ஷெகோவ் உருவாக்கிய டெர்மினஸுக்கு இணை கிடையாது என்பது என் கட்சி. 6-க்கு 12 தொடங்கி 16-க்கு 32 வரை ஒன்பது அளவுகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் புள்ளி வைத்து வரைந்திருக்கிறார். பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓ-வுக்கும், ஒன்றுக்கும் சிறிய எல்-லுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடவுச்சொல்லைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து தட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

டெபியன், உபுன்டு, ராஸ்பெரி பை ஆகியவற்றில் கன்சோல் எழுத்துருக்கள் யூஎஸ்ஆர், ஷேர், கன்சோல்ஃபான்ட்ஸ் என்ற அடைவில் இருக்கின்றன. அங்கே லேட்15 ஹைஃபன் டெர்மினஸ்32x16 என்று ஒரு கோப்பு. லேட்15 என்பது எந்தெந்த மொழி எழுத்துகள் உள்ளே இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. இது மேற்கு ஐரோப்பாவும் துருக்கியும். கோப்புப் பெயரில் உயரம் முன்னால், அகலம் பின்னால் வரும், குழம்பாதீர்கள். செட்ஃபான்ட் என்று தட்டி அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும், முழுப் பாதையும் வேண்டியதில்லை. எந்தப் பெயரும் கொடுக்காமல் செட்ஃபான்ட் என்று மட்டும் தட்டினால் இயல்பு எழுத்துருவுக்குத் திரும்பிவிடும். ஷோகன்சோல்ஃபான்ட் என்ற கட்டளை, இப்போது ஏறியிருக்கும் எழுத்துகள் எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் காட்டும்.

எவ்வளவு பெரிதாக வைக்கலாம்? எழுத்து பெரிதானால் வரிக்கு வரும் எழுத்துகளின் எண்ணிக்கை குறையும். அந்தப் பழைய 80-ஐ நம்பி எழுதிய நிரல்கள் இன்னும் ஏராளம். 80-க்குக் கீழே போனால் பட்டியல்கள் மடங்கும், நிறுவல் திரைகள் சிதையும். ஆகவே திரையின் அகல பிக்சலை 80-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்கும் மிகப் பெரிய எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அரங்கின் ப்ரொஜெக்டர் 1024-க்கு 768. வகுத்தால் 12.8. ஆகவே 12-க்கு 24 எழுத்து. 85 பத்தி, 32 வரி கிடைக்கும். பல மடிக்கணினிகளில் உள்ள 1366-க்கு 768 திரையில் 17 வருகிறது. தயங்காமல் 16-க்கு 32 போடலாம். அங்கும் 85 பத்தி, 24 வரி. 1978ல் வந்த விடி100 முனையத்துக்கும் 24 வரிதான், குறையொன்றுமில்லை.

4கே திரைக்கு 16-க்கு 32 போட்டாலும் 2.6 மில்லிமீட்டர்தான் வரும். அங்கே அதற்கு மேல் வேண்டும். நெடுங்காலமாகக் கர்னல் 32-க்கு 32 புள்ளிக்கு மேல் பெரிய எழுத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. 2023ல் வந்த 6.3 கர்னலில்தான் அந்த வரம்பு 64-க்கு 128 வரை உயர்ந்தது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்திய கர்னலானால் வேறு வழி: பூட் வரியில் வீடியோ என்று போட்டுத் திரையின் பிக்சல் எண்ணிக்கையையே குறைத்துவிடலாம். அது எழுத்தின் தெளிவைக் கொஞ்சம் காவு வாங்கும்.

இனி, அணைத்துப் போட்டாலும் நிலைத்திருக்க என்ன செய்வது? செட்ஃபான்ட் செய்வது அந்த நேரத்து மாற்றம்தான். டெபியன் குடும்பத்தில் சூடோ சேர்த்து டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப் என்று தட்டுங்கள். நான்கு கேள்வி கேட்கும். குறியாக்கம் யூடிஎஃப்-8, எழுத்துத் தொகுதியை அதுவே ஊகிக்கட்டும் என்று விட்டுவிடலாம், எழுத்துரு டெர்மினஸ், அளவு 16x32. பட்டியலை விரும்பாதவர்கள் எட்சி அடைவில் டிஃபால்ட் என்பதற்குள் இருக்கும் கன்சோல்-செட்டப் கோப்பைத் திறந்து ஃபான்ட்ஃபேஸ், ஃபான்ட்சைஸ் என்ற இரண்டு வரிகளைத் திருத்திவிட்டு, கன்சோலில் இருந்தபடியே செட்டப்கான் என்று தட்டலாம். ஃபெடோரா, ஆர்ச் பக்கம் இருப்பவர்களுக்குக் கோப்பு வேறு: எட்சி அடைவில் விகன்சோல்.கான்ஃப். அங்கே ஃபான்ட் என்ற வரியில் டெர்-132என் என்று எழுதுங்கள். டெர் என்பது டெர்மினஸ், 32 உயரம், என் என்பது சாதாரணத் தடிமன். கனமாக வேண்டுமானால் என் இருக்கும் இடத்தில் பி. ஆனால் அந்தப் பக்கங்களில் டெர்மினஸைத் தனித் தொகுப்பாக நிறுவிக்கொள்ள வேண்டும். இல்லாத எழுத்துருவைக் கேட்டால் கர்னல் எங்கே போகும்?

இவ்வளவும் செய்தபின், பூட் ஆகும்போது எழுத்து ஒரு கணம் பெரிதாகி மறுபடி சிறுத்துவிடுகிறது என்ற புகாரை நான் அடிக்கடி கேட்கிறேன். இதில் மாயம் ஒன்றுமில்லை. பூட்டின் தொடக்கத்தில் ஓர் எளிய டிரைவர் திரையைக் கையாளுகிறது. எழுத்துரு ஏறியபின், கிராபிக்ஸ் கார்டுக்குரிய உண்மையான டிரைவர் தாமதமாக வந்து பொறுப்பேற்கிறது. புதிதாக வந்தவர் பழையவரின் எழுத்துருவைக் கொண்டுவருவார் என்று சொல்ல முடியாது. கிராபிக்ஸ் டிரைவரை ஆரம்ப ராம் பிம்பத்திலேயே சேர்த்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். டெபியனில் எழுத்துரு அமைப்பை மாற்றியதும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஹைஃபன் யூ என்று ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். வட்டை மறைகுறியாக்கம் செய்து வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம். கடவுச்சொல் கேட்கும் வரி அந்த ஆரம்பக் கட்டத்தில்தான் வருகிறது.

க்ரப்பின் எழுத்து தனி வடிவம். க்ரப்-எம்கேஃபான்ட் என்ற கருவியால் வேண்டிய அளவில் உருவாக்கிக்கொள்ளலாம். ஒரு தடவை செய்தால் போதும் என்பதால் அதை இங்கே வளர்க்கவில்லை.

டெஸ்க்டாப்பில் உள்ள டெர்மினல் சன்னலுக்கு வருவோம். இங்கே செட்ஃபான்ட் தட்டினால் பிழைச் செய்திதான் கிடைக்கும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: வரைவது கர்னல் அல்ல. க்னோம் டெர்மினலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், கூட்டல் குறி மூன்றையும் அழுத்தினால் பெரிதாகும். கன்ட்ரோலும் கழித்தலும் சிறிதாக்கும். கன்ட்ரோலும் பூஜ்யமும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இது அந்தச் சன்னலுக்கு மட்டும். நிலையாக வேண்டுமானால் விருப்பத்தேர்வுகளில் உங்கள் ப்ரொஃபைலுக்குள் போய் எழுத்துருவைக் குறிப்பிடுங்கள். பழைய எக்ஸ்டெர்ம் பிடித்தவர்கள் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு மவுசின் வலது பொத்தானை அழுத்தினால் அளவுப் பட்டியல் வரும்.

எஸ்எஸ்ஹெச்சுக்கும் இதே பதில். சர்வரில் எந்தக் கோப்பைத் திருத்தினாலும் உங்கள் திரையில் ஒரு புள்ளிகூட நகராது. அங்கிருந்து வருவது எழுத்தின் எண் மட்டும். உருவம் கொடுப்பது உங்கள் பக்கம். விண்டோஸிலிருந்து புட்டி வழியாகப் போகிறீர்களா? புட்டியின் அமைப்பில்தான் மாற்ற வேண்டும்.

நம் தமிழுக்கு வருகிறேன். இங்கே கூடியிருப்பவர்கள் மனதில் இந்தக் கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருக்கும். கன்சோலில் தமிழ் எழுத்துரு ஏற்றலாமா?

கணக்கு மட்டும் பார்த்தால் முடியும் போலத் தோன்றும். கன்சோல் எழுத்துருவில் 512 எழுத்து வரை வைக்கலாம். நம்முடையது 247, கிரந்தம் சேர்த்தாலும் உள்ளே அடங்கும். 512 வைத்தால் நிறக் குறியீட்டிலிருந்து ஒரு பிட்டைப் பறிகொடுத்து, 16 எழுத்து நிறம் எட்டாகிவிடும், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தடை வேறு இடத்தில் இருக்கிறது. யூனிகோடில் கெ என்ற எழுத்தில் ககரம் முதலில், எகரக் குறி இரண்டாவதாகச் சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். கொ என்றால் முன்னாலும் பின்னாலும் வர வேண்டும். கன்சோலுக்கு அந்தப் பாடம் தெரியாது. ஓர் எண் வந்தால் ஒரு கட்டத்தில் ஒரு உருவம். அடுத்த எண்ணுக்கு அடுத்த கட்டம். திரும்பிப் பார்ப்பதே இல்லை. போதாக்குறைக்கு எல்லாக் கட்டமும் ஒரே அகலம். ரகரமும் ணௌகாரமும் ஒரே கட்டத்துக்குள் எப்படி உட்காரும்?

தமிழ்நாடு அரசு 2010ல் ஏற்ற டேஸ்16 குறியாக்கத்தில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஓர் எண் உண்டு. அதைக் கொண்டு கன்சோலில் தமிழை வரவழைக்கலாமே என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கொம்புச் சிக்கல் தீரும். அகலச் சிக்கல் தீராது. அதோடு உங்கள் கோப்புப் பெயர், விசைப்பலகை, இணையம் எல்லாம் யூனிகோடில் இருக்க, கன்சோல் மட்டும் வேறு குறியாக்கத்தில் தனிக்குடித்தனம் நடத்த முடியாது. அந்த உழைப்பை வேறு இடத்தில் போடுங்கள் என்பதே என் ஆலோசனை. டெபியன்காரர்களும் நிதானமாக இந்த முடிவுக்குத்தான் வந்தார்கள். 2007ல் வந்த டெபியன் 4.0-இலிருந்து வரைகலை நிறுவி கிடைக்கிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ் முதலான மொழிகளில் நிறுவ வேண்டுமானால் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வெறும் எழுத்துத் திரையில் அவை இல்லை.

ஆகவே தமிழ்ப் பெயருள்ள கோப்புகளையும் தமிழ் உரைகளையும் டெர்மினல் சன்னலில் வைத்துப் பாருங்கள். எஃப்சி-லிஸ்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு, முக்காற்புள்ளி, லேங், சமக்குறி, டிஏ என்று இடைவெளியில்லாமல் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒன்றும் வரவில்லையானால் நோட்டோ, லோகித் இரண்டில் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். அளவு விஷயத்தில் தமிழுக்குக் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஆங்கிலத்துக்கு 11 பாயின்ட் போதுமென்றால், ணகரத்தின் சுழிகளுக்கும் ஊகாரத்தின் மடிப்புக்கும் 14-ஆவது வேண்டும். சன்னலிலும் பத்திகள் நேராக நிற்காமல் தமிழ் வரும் இடத்தில் கொஞ்சம் கோணும். இன்றைய நிலையில் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்களில் பலர் நாளைக்குக் கல்லூரி ஆய்வகங்களையும் அலுவலக சர்வர் அறைகளையும் நிர்வகிக்கப் போகிறீர்கள். சிலர் இன்றைக்கே செய்துகொண்டிருக்கிறீர்கள். டெஸ்க்டாப்பை அவரவர் தங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வார்கள். கன்சோல் அப்படியல்ல, நெட்வொர்க் அறுந்து, டெஸ்க்டாப் எழாமல், வேறு வழியில்லாதபோதுதான் அதன் முன்னால் வந்து நிற்கிறோம். அந்த நேரத்தில் எழுத்தளவை மாற்றும் கட்டளையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ரூட் அனுமதி உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும், நிறுவிய அன்றைக்கே, திரைக்கு ஏற்ற எழுத்தளவை எழுதி வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருக்கலாம்.